பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் 1 அன்று, திருப்பதிக்கு அருகே நாராவாரிப்பள்ளியில் பிறந்து, திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் படித்த சந்திரபாபு நாயுடு ஆந்திரப் பிரதேச முதலமைச்சராகப் பதவியேற்றார். மூன்றும் அடுத்தடுத்து நடந்ததால், சித்தூர் மாவட்டத்துக் கணினிக் கதையைச் சொல்ல வருபவர்கள் அங்கிருந்து நேரே ஐதராபாத்துக்குப் போய்விடுகிறார்கள். 1998 நவம்பரில் அங்கே சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது, அதே மாதம் பத்திரப் பதிவு அலுவலகங்களுக்குக் கணினி வந்தது, 2015இல் ஸ்ரீசிட்டி தொழிற்பூங்காவில் கைபேசி உற்பத்தி தொடங்கியது என்று அந்தக் கதை ஓடி முடிகிறது. கட்டடம், அரசாணை, தொழிற்சாலை எல்லாம் அதில் உண்டு. கணினியைத் திறந்து பார்த்த கைகள் மட்டும் இல்லை. சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களில் கணினி பற்றிய அறிவு முதலில் வேர்பிடித்தது பழுதுபார்க்கும் மேசையில்தான் என்பது என் வாதம். அந்த அறிவின் ஆழத்தை அளந்து பார்க்க 1990களின் ஒரு கோளாறே போதும். அது சவுண்ட் கார்டு மோதல்.

முதலில் இந்த ஊர்கள் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 1911 வரை சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று அது தனி மாவட்டம் ஆனது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் ஊர்களுக்கு இடையிலான தூரம் மாறவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திருப்பதியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டருக்குள்; ஐதராபாத்தோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால். மின்னணுப் பொருள்களுக்குத் தென்னிந்தியாவின் பெரிய சந்தைகளில் ஒன்றான சென்னை ரிச்சி தெரு, காலையில் ரயிலேறி மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருந்தது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் இந்தியச் சிறுநகரங்களுக்கு வந்த கணினிகளில் பெரும்பகுதி, பெட்டியோடு வந்த பெரிய நிறுவனத்துக் கணினிகள் அல்ல. உதிரியாக வாங்கி மேசையில் கூட்டிய ‘அசெம்பிள்டு’ கணினிகள். மதர்போர்டு ஒரு நிறுவனத்துடையது, மோடம் இன்னொன்று, சவுண்ட் கார்டு மூன்றாவது. இவை எல்லாம் ஒரே கேபினெட்டுக்குள் வந்து முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது கடைக்காரரின் மேசையில்தான். தொழிற்சாலையில் முன்கூட்டியே பார்த்துத் தீர்த்திருக்க வேண்டிய சிக்கலை அந்த மேசை தீர்க்க வேண்டியிருந்தது.

சிக்கலின் வேர் 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யில் இருக்கிறது. கணினிக்குள் ஒரு கருவிக்குச் செயலியின் கவனம் தேவைப்பட்டால், அது தனக்கென ஒதுக்கிய கம்பியில் சைகை கொடுத்து அழைக்க வேண்டும். ஐ.ஆர்.க்யூ. என்பது அந்த அழைப்புக் கம்பியின் எண். முதல் பி.சி.யில் எட்டுக் கம்பிகள் இருந்தன. 1984இல் வந்த ஏ.டி. வகையில் அவை பதினாறாயின. ஆனால் பதினாறும் கைக்கு வரவில்லை. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, இரண்டு கட்டுப்பாட்டுச் சில்லுகளை இணைக்க 2, சீரியல் போர்ட்டுகளுக்கு 3, 4, ஃபிளாப்பிக்கு 6, பிரிண்டருக்கு 7, நேரம் காட்டும் சில்லுக்கு 8, கணிதச் சில்லுக்கு 13, ஹார்ட் டிஸ்க்குக்கும் சி.டி. டிரைவுக்கும் 14, 15. சுட்டி புதுவகை என்றால் அது 12ஐ எடுத்துக்கொள்ளும். சவுண்ட் கார்டு, மோடம், நெட்வொர்க் கார்டு எல்லாம் பங்கிட்டுக்கொள்ள எஞ்சியவை 5, 9, 10, 11. எட்டு பிட் ஸ்லாட்டில் செருகும் பழைய கார்டு என்றால் 10க்கும் 11க்கும் கை எட்டாது. அன்றைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டின் மின்னமைப்பில் இரண்டு கார்டுகள் ஒரே கம்பியை நம்பகமாகப் பகிர முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் அழைத்தால் யார் அழைத்தது என்று செயலிக்குத் தெரியாமல் போகும்.

ஏரிப் பாசனம் பழகிய மாவட்டத்துக்கு இதைப் புரியவைப்பது கடினம் அல்ல. ஏரியில் தண்ணீர் அளவோடுதான் இருக்கும். எந்த மடை எப்போது திறக்க வேண்டும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறைவைத்துப் பாய்ச்ச ஒரு நீர்க்கட்டி இருப்பார். இரண்டு வயல்காரர்களும் யோக்கியர்களாகவே இருக்கலாம். முறை இல்லை என்றால் வரப்பில் சண்டை வந்தே தீரும். சவுண்ட் கார்டு மோதலும் அப்படிப்பட்டதே. சவுண்ட் கார்டில் பழுது இல்லை, மோடத்திலும் பழுது இல்லை. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். சேர்த்து வைத்தால் ஒன்று செத்துக் கிடக்கும், அல்லது கணினியே உறைந்துவிடும். ‘ரெண்டு கார்டும் அடிச்சுக்குது’ என்ற மெக்கானிக் பேச்சு அதை நூலறிவை விடத் துல்லியமாகச் சொல்கிறது. பொருளில் இல்லாத பழுதைப் பொருள்களுக்கு இடையே தேட வேண்டும் என்பதே இந்தக் கோளாறு கற்பித்த முதல் பாடம். கெட்ட பாகத்தைக் கழற்றி நல்ல பாகத்தை மாட்டும் வேலையிலிருந்து இது அடிப்படையில் வேறானது.

சவுண்ட் கார்டு எங்கிருந்து வந்தது என்பதும் இந்த வாதத்துக்கு முக்கியம். 1981இல், ஐ.பி.எம். பி.சி. வெளிவந்த அதே ஆண்டில், சிங்கப்பூர் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்ற வணிகக் கட்டடத்தில் சிம் வோங் ஹூ, இங் காய் வா என்ற இரு நண்பர்கள் ஒரு கடை திறந்தார்கள். இருவரும் நீ ஆன் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். கடை, கணினி பழுதுபார்க்கும் கடை. அதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. கூடுதல் நினைவகப் பலகை, சீன மொழிக்கு ஏற்ப அமைத்த கணினி என்று பலவற்றை முயன்ற பிறகு 1989இல் அவர்கள் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் கார்டு வந்திருந்தது. அதில் யமஹாவின் இசைச் சில்லு இருந்தது. இசை கேட்கும், பதிவு செய்த மனிதக் குரல் கேட்காது. கிரியேட்டிவ் அதே யமஹா சில்லை வைத்து, கூடவே குரலையும் ஒலிக்கும் பகுதியைச் சேர்த்தது. 1992இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் நிறுவனம் பட்டியலானது. உலகமே ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது’ என்ற முத்திரையைத் தேடிக் கார்டு வாங்கும் நிலைக்கு வந்தது. அந்த முத்திரையோடு அதன் எண்களும் பரவின. முதல் கார்டுகள் தொழிற்சாலையிலிருந்தே 7ஆம் கம்பியில் அமர்ந்து வந்தன. அது பிரிண்டரின் இடம். பிறகு 5க்கு மாறியது. அந்த இடத்தைப் பல நெட்வொர்க் கார்டுகளும் விரும்பின.

மற்ற கார்டுகளை விடச் சவுண்ட் கார்டு ஏன் அதிகம் மோதியது? அதற்குத்தான் எல்லாவற்றிலும் பங்கு வேண்டும். மோடத்துக்குச் செயலி அதனுடன் பேச ஒரு முகவரி, ஒரு அழைப்புக் கம்பி போதும். சவுண்ட் பிளாஸ்டர் 16க்கு அடிப்படை முகவரியாகப் பதினாறடிமான எண்ணில் 220, யமஹா இசைச் சில்லுக்கு 388, வெளி இசைக்கருவிக்கு 330, ஜாய்ஸ்டிக்குக்கு 201 என்று நான்கு முகவரிகள், ஒரு ஐ.ஆர்.க்யூ.; நினைவகத்திலிருந்து செயலியைத் தொந்தரவு செய்யாமல் ஒலித் தரவைக் கொண்டுவர டி.எம்.ஏ. தடம் இரண்டு. அதே கார்டில் சி.டி. டிரைவுக்கான இணைப்பும் இருந்தால் இன்னொரு முகவரியும் இன்னொரு கம்பியும். அடாப்டெக் நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் பெயர்பெற்ற ஸ்கஸி கார்டு ஒன்றும் 330ஐத்தான் தன் இயல்பு முகவரியாக வைத்திருந்தது. சவுண்ட் கார்டை ஒழுங்காக அமர்த்திவிட்டால் கணினியின் பங்கீடு முழுவதும் சரி என்று பொருள். ஒரு மெக்கானிக்குக் கணினி தெரியுமா என்று பார்க்க இதைவிடக் கடுமையான தேர்வு அன்று இல்லை.

கார்டை அருகில் வைத்துப் பார்ப்போம். உள்ளங்கையைவிட நீளமான பச்சைப் பலகை. கீழே பொன்னிறப் பற்கள். நடுவே இரண்டிரண்டாக நிற்கும் சிறு ஊசிகள். சில ஊசி இணைகளின் தலையில் அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய கறுப்புத் தொப்பி. அதுதான் ஜம்பர். உள்ளே சிறு உலோகத் துண்டு. இரண்டு ஊசிகளை இணைப்பதுதான் அதன் வேலை. ஊசிகளின் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். தொப்பியை ஓர் இணையிலிருந்து பிடுங்கி அடுத்த இணையில் அழுத்தினால் கார்டு கம்பி மாறி அழைக்கும். அதோடு முடியாது. கார்டில் கையால் செய்த மாற்றத்தை மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும். டாஸ் காலத்தில் ஆட்டோஎக்செக் கோப்பில் ஒரே வரி போதும்: ‘செட் பிளாஸ்டர்’, சமக்குறி, பிறகு ஏ220, ஐ5, டி1. முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1 என்று அதற்குப் பொருள். ஊசியில் ஓர் எண்ணும் வரியில் வேறோர் எண்ணும் இருந்தால், மோதவே வேறு கார்டு இல்லாத கணினியிலும் ஒலி வராது.

இனி நோய்க்குறி. வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் ‘சவுண்டு வரலை’ என்ற ஒற்றை வரிதான். மெக்கானிக் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: பாட்டுமா வரவில்லை, பேச்சு மட்டுமா? விளையாட்டு ஒன்றை ஓடவிட்டால் பின்னணி இசை கேட்கிறது, துப்பாக்கிச் சத்தமோ மனிதக் குரலோ கேட்கவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. யமஹா இசைச் சில்லுக்கு அழைப்புக் கம்பியும் வேண்டாம், டி.எம்.ஏ. தடமும் வேண்டாம்; முகவரி ஒன்று போதும். ஆக, கார்டு உயிரோடு இருக்கிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, வயர் சரி; கோளாறு கம்பியிலோ தடத்திலோ. அடுத்த குறி: குரல் துணுக்கு ஒன்று மட்டும் ஒலித்து நின்றுவிடுகிறது, அல்லது அதே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. டி.எம்.ஏ. தடம் தன் வேலையைச் செய்து முதல் கட்டுத் தரவைக் கார்டுக்குக் கொடுத்துவிட்டது. ‘முடிந்தது, அடுத்தது கொடு’ என்று கார்டு எழுப்பிய அழைப்பு செயலியை எட்டவில்லை. எனவே கோளாறு ஐ.ஆர்.க்யூ.வில். துணுக்குகூட வராமல் கணினி உறைந்துபோனால் டி.எம்.ஏ. தடத்தைச் சந்தேகிக்க வேண்டும். கார்டே இல்லை என்று நிரல் சொன்னால் முகவரியை. கருவி எதுவும் இல்லாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிக்கும் காரணம் சொல்லிச் செய்யும் நோயறிதல் இது. நாடி பார்ப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை இதற்கும் உரியது.

சிகிச்சைக்கும் ஒழுங்கு உண்டு. திரைக்கான கார்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைக்க வேண்டும். சவுண்ட் கார்டை மட்டும் செருகி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். எதைச் செருகியதும் ஒலி நின்றதோ அதுவே எதிராளி. கார்டு எந்தெந்த எண்களை ஏற்கும் என்று அதன் கையேட்டைப் பார்த்து, எல்லாருக்கும் தனித்தனி எண் கிடைக்கும்படி தாளில் அட்டவணை போட வேண்டும். நெகிழ்வு குறைந்த கார்டுக்கு முதலில் இடம், நெகிழ்வு உள்ளதற்குப் பிறகு. இடம் போதவில்லை என்றால் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் நுழைந்து யாரும் பயன்படுத்தாத இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்து 3ஆம் எண்ணை விடுவிக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தவர், ஒலி வந்தாலும் ஏன் வந்தது என்று அறியாதவராகவே நின்றார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு என்பது ஆய்வுக்கூடத்தின் விதி. அந்த விதியை இந்த மேசை தன் தேவையினாலேயே கற்றுக்கொண்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்த மோதல் ஐ.பி.எம். வடிவமைப்பின் குறை, அவ்வளவுதான். நல்ல வடிவமைப்பு வந்ததும் ஒழிந்தது. ஒட்டுப்போட்டவர்களின் வேலையை அறிவு என்று கொண்டாடுவது மிகை என்பார்கள். வடிவமைப்பின் குறைதான், அதில் ஐயமில்லை. அந்தக் குறையால் எத்தனையோ பேர் வீணாக அலைந்தார்கள். அது ஒழிந்தது நல்லதே. ஆனால் எப்படி ஒழிந்தது என்று பார்க்க வேண்டும். 1993இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்கான பிளக் அண்ட் பிளே விதிமுறையை வெளியிட்டன. அதன்படி கணினி முதலில் எல்லாக் கார்டுகளையும் அமைதிப்படுத்துகிறது. ஒவ்வொரு கார்டிலும் பதிந்திருக்கும் 72 பிட் அடையாளத்தை ஒவ்வொரு பிட்டாக ஒப்பிட்டு, ஒரே ஒரு கார்டு மிஞ்சும்வரை மற்றவற்றை ஒதுக்குகிறது. மிஞ்சிய கார்டுக்கு வரிசை எண் தருகிறது. அடுத்த கார்டைத் தனிமைப்படுத்துகிறது. எல்லாம் முடிந்ததும் எந்தக் கார்டு எந்தெந்த எண்களை ஏற்கும் என்று படித்து, மோதாமல் பங்கிட்டு, பிறகுதான் உயிர்ப்பிக்கிறது. கழற்று, ஒவ்வொன்றாகச் செருகு, அட்டவணை போடு, பங்கிடு என்ற மேசையின் ஒழுங்கு அப்படியே அதில் இருக்கிறது. ஒட்டுப்போடுவது என்று ஒதுக்கப்பட்ட வேலைக்கும் பொறியாளர்கள் எழுதிய விதிமுறைக்கும் தர்க்கம் ஒன்றே. ஒரு வேலையை இயந்திரத்துக்கு ஒப்படைக்கும்போது அதே ஒழுங்கைத்தான் எழுத முடிந்தது என்றால், அந்த வேலை அறிவு சார்ந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மேலும் விண்டோஸ் 95 வந்த நாளிலேயே மோதல் ஒழிந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு அது கூடியது. புதுக் கார்டு தன் எண்ணை மாற்றிக்கொள்ளும், பழைய கார்டு மாற்றிக்கொள்ளாது. ஜம்பர் வைத்த பழைய கார்டு எங்கே அமர்ந்திருக்கிறது என்று கணினிக்குத் தெரியாததால், அதே இடத்தைப் புதுக் கார்டுக்குக் கொடுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வட்டத்துக்குள் வியப்புக்குறி தோன்றும். அப்போது பயாஸுக்குள் போய் 5ஆம் எண்ணைப் பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். தானே பங்கிடும் அமைப்புக்கு மனிதர் ஒருவர் எல்லை வகுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 95இன் உதவிப் பக்கங்களிலேயே வன்பொருள் மோதலைத் தீர்க்கப் படிப்படியாகக் கேள்வி கேட்கும் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. புது கணினியே வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு இந்த மாறுதல் காலம் உறைத்திருக்காது. பழைய கார்டைப் புதுப் பலகையில் மாட்டி ஓட்டியாக வேண்டிய சிறுநகரத்தில்தான் இதன் சுமை முழுவதும் இறங்கியது.

இரண்டாவது மறுப்பு: 1990களில் சிறுநகரத்துக்கு ஒலி ஓர் ஆடம்பரம், கணக்கும் கடிதமும் அடிக்கும் கணினிக்குச் சவுண்ட் கார்டு எதற்கு? திருப்பதியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி பொருந்தாது. தாள்ளபாக்கம் அன்னமாச்சார்யரின் கீர்த்தனைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவை வெளியே வந்து அச்சேறியபோது பாடலும் ராகத்தின் பெயரும் கிடைத்தன. பாடிய மெட்டு கிடைக்கவில்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் திருப்பதியில் அமர்ந்து பலவற்றுக்கு மெட்டமைத்தார்கள். 1978இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சார்யா திட்டத்தைத் தொடங்கியது. செப்பேட்டில் சொல் இருந்தது, பாட்டு இல்லை. கோளாறான சவுண்ட் கார்டில் பாட்டு வந்தது, சொல் வரவில்லை. ஒலியைச் சேமிக்காத ஊடகத்தின் இழப்பு என்ன என்பதைத் திருப்பதியைப் போல் அனுபவத்தில் அறிந்த ஊர் குறைவு. அதை ஆடம்பரம் என்று அந்த ஊரால் சொல்ல முடியாது.

இதைவிட நேரான பதிலும் உண்டு. பார்வையற்ற ஒருவருக்குக் கணினியின் திரையே ஒலிதான். 1990களின் இறுதியில் திரைவாசிப்பான்கள் தனிப் பேச்சுக் கருவியை விட்டுச் சாதாரணச் சவுண்ட் கார்டின் வழியே பேசத் தொடங்கின. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைத்தது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் தெலுங்கும் உண்டு. அத்தகைய ஒருவரின் கணினியில் சவுண்ட் கார்டு மோதினால் கணினி மொத்தமும் இருண்டுவிடுகிறது. மஞ்சள் வியப்புக்குறியை அவர் பார்க்க முடியாது. பேச வேண்டிய கருவியே பேச்சற்றுக் கிடப்பதால் கேட்கவும் முடியாது. அருகில் ஒரு மெக்கானிக் இருக்கிறாரா என்பதே அவருக்குக் கணினி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. ஒலியைச் சரிசெய்யத் தெரிந்த கையை விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சேவை செய்த கையாகச் சுருக்குவது நியாயம் அல்ல.

மோதல் மெல்ல ஓய்ந்தது. 1992இல் இன்டெல் வெளியிட்ட பி.சி.ஐ. ஸ்லாட்டில் பல கார்டுகள் ஒரே அழைப்புக் கம்பியைப் பகிரலாம். 1997இல் ஏ.சி.97 தரம் வந்து சவுண்ட் கார்டை மதர்போர்டுக்குள்ளேயே கொண்டுபோனது. பி.சி. 99 வழிகாட்டி ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகளுக்கு விடைகொடுக்கச் சொன்னது. கேபினெட்டின் பின்புறம் ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று நாம் இன்றும் காணும் நிறத் துளைகள் அந்த வழிகாட்டியின் மிச்சம். 2004இல் எச்.டி. ஆடியோ வந்தது. இன்றைக்கு ஒலி வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் டிரைவரிலோ, எச்.டி.எம்.ஐ. வழியே மானிட்டருக்கு ஒலி திசைமாறிப் போயிருப்பதிலோ, கேபினெட்டின் முன்புறத் துளைக்கான வயர் ஏ.சி.97 வகையா எச்.டி. வகையா என்ற குழப்பத்திலோ இருக்கிறது. நோய் மாறியது. கழித்துக் கழித்துக் காரணத்தை அடையும் முறை மாறவில்லை.

மூன்றாவது மறுப்பு இன்றைய காலத்துடையது. இப்போது எல்லாம் ஒரே பலகையில் இருக்கிறது, பழுதானால் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதே மலிவு, பழுதுபார்க்கும் அறிவால் பயன் என்ன என்கிறார்கள். தூக்கிப் போடுவதன் விலையை நாடே உணரத் தொடங்கிவிட்டது. மின்னணுக் கழிவுக்கென்று 2011இல் விதி வகுத்து, 2016இலும் 2022இலும் அதைத் திருத்தி எழுத வேண்டிவந்தது. 2022இல் மத்திய நுகர்வோர் நலத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. அதைவிடப் பெரிய காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீசிட்டியும் இருக்கிறது, 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. ஒரு பக்கம், வந்த பாகங்களை வரிசையில் நின்று பொருத்தும் வேலை, மறுபக்கம், உயர்கல்வி. பொருத்துபவருக்கு அந்தப் பொருள் ஏன் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. படிப்பவரின் கையில் பழுதான பொருள் அடிக்கடி வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே, பொருளைத் திறந்து காரணம் தேடும் மேசை இருந்தால்தான் பொருத்தும் கை ஒருநாள் வடிவமைக்கும் கையாகும்.

இது வெறும் ஆசை அல்ல என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. சவுண்ட் பிளாஸ்டர் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. பாலிடெக்னிக் படித்த இருவர் பிறருடைய கணினிகளைப் பழுதுபார்த்த கடையிலிருந்து வந்தது. பழுதுபார்த்த எல்லாரும் சிம் வோங் ஹூ ஆகிவிட மாட்டார்கள் என்பது உண்மை. அவருக்குத் துறைமுக நகரமும், முதலீடும், அமெரிக்கச் சந்தையும் வாய்த்தன; சித்தூர்க் கடைக்கு அவை வாய்க்கவில்லை. ஆனால் குறைந்தது எது என்று சரியாகச் சொல்ல வேண்டும். குறைந்தது மூலதனமும் சந்தையும்தான், மூளை அல்ல. அந்த மேசையைத் தாழ்ந்த தொழில் என்று நினைத்து வரலாற்றிலிருந்து விட்டுவிட்டதால், அதற்குக் கடனும் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழவில்லை.

எனவே திருப்பதி, சித்தூர்ப் பாலிடெக்னிக்குகளுக்கும் ஐ.டி.ஐ.களுக்கும், எல்லைக்கு இப்பால் வேலூரிலும் திருவள்ளூரிலும் உள்ளவற்றுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவுக் கிடங்கில் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டு உள்ள பழைய கணினி ஒன்று கிடந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். ஒரு சவுண்ட் கார்டையும் ஒரு நெட்வொர்க் கார்டையும் வேண்டுமென்றே 5ஆம் எண்ணில் மோதவிட்டு, முதலாண்டு மாணவர் முன் வையுங்கள். இணையத்தில் தேடாமல், காதால் கேட்டு, காரணம் சொல்லி, தாளில் அட்டவணை எழுதித் தீர்க்கச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் போதும். பொருள்களில் இல்லாத பழுது அவற்றுக்கு இடையே இருக்கக்கூடும் என்பதை அந்த மாணவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.